சென்னையின் வானிலை ஆண்டு முழுக்க எப்படி? வெயிலைவிடக் காற்றைக் கவனியுங்கள்

கோவையிலிருந்து வேலை மாற்றலில் சென்னைக்குக் குடிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். வயதான அம்மாவும் பள்ளிக்குப் போகும் மகளும் உடன் வருகிறார்கள். "வருடம் பூராவும் வெயில்தான்" என்று ஒருவர் சொல்கிறார், "மழை வந்தால் வெள்ளம்தான்" என்று இன்னொருவர் சொல்கிறார். உண்மையில் எந்த மாதம் எப்படி இருக்கும், எப்போது வருவது நல்லது, எப்படிப்பட்ட வீடு பார்ப்பது என்பது உங்கள் கேள்வி.

சென்னையில் இத்தனை வருடம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்ததில் நான் சொல்லக்கூடியது முதலில் இதுதான். இந்த ஊரில் வெயிலின் அளவு ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் பெரிதாக மாறுவதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் மாறுகிறது. கடலிலிருந்து வந்தால் ஒரு சென்னை, நிலத்திலிருந்து வந்தால் வேறொரு சென்னை. இதைப் பிடித்துக்கொண்டால் பன்னிரண்டு மாதமும் தானாகப் புரிந்துவிடும்.

நீங்கள் கோவைக்காரர் என்பதால் ஜூன் மாதத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்குப் பெரிய அதிர்ச்சி அங்கேதான் காத்திருக்கிறது. ஜூன் பிறந்ததும் கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கிவிடும், சாரலும் சேர்ந்துகொள்ளும். கோடை முடிந்தது என்று அங்கே எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் சென்னைக்கும் வருகிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, மலையின் இந்தப் பக்கம் கீழிறங்கும்போது சூடாகி, காய்ந்து கிடக்கும் உள்மாவட்டங்கள் முழுக்கக் கடந்து வரும்போது அது அனல்காற்றாகியிருக்கும். அதனால் சென்னையில் ஜூன் மாதம் கோடையின் முடிவு கிடையாது. பல வருடங்களில் ஜூன் பகல்கள் மே மாதத்துக்குச் சற்றும் சளைத்தவை அல்ல. பள்ளி திறந்த பிறகும் 38, 39 டிகிரி அடிப்பது இங்கே சாதாரணம்.

மே மாதத்தின் கதையும் காற்றின் கதைதான். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. (ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் அதே நிலை வரும்.) ஆனால் உச்சபட்ச வெப்பம் அன்றைக்கு வருவதில்லை. கத்திரி என்று நாம் சொல்லும் மே 4 முதல் 28 வரையான நாட்களில்தான் ஏறுகிறது, சில நேரம் அதற்குப் பிறகும் வருகிறது. நகருக்குள் வானிலை மையம் இருக்கும் நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச அளவான 45 டிகிரி 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி பதிவானது, கத்திரி முடிந்த பிறகு. ஏப்ரலில் கடல்காற்று காலையிலேயே உள்ளே வந்துவிடுகிறது. மே நடுவில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று, வலுத்து அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. அதுதான் வித்தியாசம்.

கடல்காற்று நுழையும் நேரத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மே மாதத்தில் காலை பதினொரு மணிக்கு மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிகள் எல்லாம் கிழக்குப் பார்த்து விறைப்பாகப் பறந்துகொண்டிருக்கும். காற்று உலர்ந்து இருக்கும், உதடு காயும், துணி அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும். பிறகு ஒரு கட்டத்தில் துணிகள் அசையாமல் தொங்கும். தென்னை ஓலைகூட ஆடாது, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அது சில நிமிடங்கள்தான். அப்புறம் அதே துணிகள் மெதுவாக மேற்குப் பக்கம் திரும்பும். கால் மணிக்குள் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும், தோலில் பிசுபிசுப்பு ஏறும். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் இது முதலில் நடக்கும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் காற்று போய்ச் சேர இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தில் பதிவாகும் அளவு பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதற்கும் கடலிலிருந்து உள்ள தூரம் ஒரு முக்கியக் காரணம். கடல்காற்று பகல் பன்னிரண்டுக்கு முன் வந்தால் அன்றைக்கு 37இல் நின்றுவிடும். இரண்டு மணி வரை வரவில்லை என்றால் 41ஐத் தாண்டிவிடும். வடக்கே ஆந்திரா, ஒடிசா பக்கம் ஒரு புயல் போய்க்கொண்டிருந்தால் அது மேல்காற்றை இழுத்துக்கொண்டு போகும், அன்றைக்குக் கடல்காற்றை எதிர்பார்க்கவே வேண்டாம்.

கடல்காற்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. வெப்பமானி இறங்கும், உடம்புக்கு அவ்வளவு நிம்மதி இருக்காது. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடல் உணர்வது ஏறக்குறைய 45 டிகிரி. வேலூரில் உலர்ந்த 40 டிகிரியைத் தாங்கியவர்கள்கூட சென்னையின் 35இல் தளர்ந்து உட்காருவது இதனால்தான். செய்தியில் வெப்ப அளவை மட்டும் பார்த்து, "இன்றைக்குப் பரவாயில்லை, 35தான்" என்று அம்மாவை நடுப்பகலில் வெளியே அனுப்பிவிடாதீர்கள்.

இரவும் அப்படித்தான். கோவையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் பின்னிரவில் போர்வை தேடலாம். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் குறைந்தபட்ச அளவே 28 டிகிரி வாக்கில் நிற்கும், சில இரவுகளில் 30க்குக் கீழே இறங்காது. பகலில் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு முழுக்க அதைத் திருப்பி வீட்டுக்குள் விடும். என் கணிப்பில் இந்த ஊரில் முதியவர்களை அதிகம் சோர்வாக்குவது பகல் வெயிலைவிட இந்தத் தூக்கமில்லாத இரவுகள்தான்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு ஆறுதல் உண்டு. பகல் 35, 36 இருக்கும், மாலையில் இடிமழை வரும். சென்னைக்குத் தென்மேற்குப் பருவமழை கிடையாது என்று பலர் சொல்வார்கள். அது தவறு. நகரின் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவு, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கிடைக்கிறது. கேரளத்தைப் போல நாள் முழுக்கப் பெய்யும் மழையாக அது வராது, பகலில் நிலம் சூடேறி எழும்பும் மேகங்கள் கொட்டும் வெப்பச்சலன மழையாக வரும். பிற்பகலில் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் மேகம் திரளும். அதன் உச்சி மட்டும் முதலில் கிழக்கே பரவி, சாயங்கால வெளிச்சத்தைச் செம்பு நிறமாக்கும். ஏழு மணிக்கு மேற்கு வானத்தில் சத்தமில்லாமல் மின்னும். எட்டு மணிக்கு, அதுவரை புழுங்கிக்கொண்டிருந்த தெருவில் திடீரென்று மேற்கிலிருந்து மண்வாசனையோடு ஒரு குளிர்ந்த காற்று அடிக்கும். சன்னல்களைச் சாத்த உங்களுக்குப் பத்து நிமிடம்தான் அவகாசம். முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டு மேகம் கடலுக்குள் போய்விடும். அம்பத்தூரில் ஆறு சென்டிமீட்டர் பெய்திருக்கும், அடையாற்றில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. வானிலை அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்பதற்கு இதுதான் அர்த்தம். உங்கள் தெருவில் பெய்யவில்லை என்பதற்காக அறிக்கை பொய்த்துவிட்டது என்று ஆகாது.

அக்டோபரின் முதல் பாதி எனக்குப் பிடிக்காத காலம். மேல்காற்று நின்றுவிடும், வாடைக்காற்று இன்னும் வந்திருக்காது, நடுவே காற்றே இல்லாத புழுக்கம். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்க வேண்டும், ஆனால் ஒரு வாரம் பத்து நாள் முன்பின்னாக இருக்கும். அது வந்துவிட்டால் ஊரே மாறிவிடும். மேகம் இப்போது கிழக்கிலிருந்து வரும், தாழ்வாக, வேகமாக. இந்த மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடிகாலையிலும்தான் வலுக்கும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, இரவில் குளிர்ந்துவிட்ட நிலத்துக்குப் பக்கத்தில் வந்து தேங்கி மேலெழும்புகிறது, அதனால் கரையோரத்தில் அதிகம் கொட்டுகிறது. 2021 நவம்பர் 6ஆம் தேதி இரவு சாதாரணமாகத் தூங்கப்போன நகரம் மறுநாள் காலை எழுந்தபோது நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் பதிவாகியிருந்தது.

ஆண்டு மழையில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி ஒரு சில நாட்களில். இதைத்தான் சராசரிக் கணக்குகள் மறைத்துவிடுகின்றன. நவம்பர் என்றால் முப்பது நாளும் மழை என்று நினைத்துவிடாதீர்கள். வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் இரண்டு மூன்று நாள் அடைமழை. அது போனதும் ஒரு வாரம் பளிச்சென்று வெயில், மிதமான காற்று. மறுபடி அடுத்தது. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 100 சென்டிமீட்டரைத் தாண்டியது. அதன் பிறகு, டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருடத்து மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரே நாளில். ஏற்கெனவே நிரம்பியிருந்த ஏரிகள் எல்லாம் அடையாற்றில் இறங்கின.

அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பெயரில்லாத ஒரு தாழ்வுநிலைதான் அதைச் செய்தது. புயலுக்குப் பெயர் வைத்ததும் எல்லோரும் உஷாராகிவிடுகிறோம், தாழ்வுப் பகுதி என்றால் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். சென்னையைப் பொறுத்தவரை அது எவ்வளவு வலுவானது என்பதைவிட, எவ்வளவு நேரம் நம் கரைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் நேராக நகரத்தின் மேலேயே ஏறியது. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன, மின்சாரம் திரும்பப் பல பகுதிகளில் நாட்கள் ஆயின. ஆனால் அது சீக்கிரம் கடந்து போனது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் சென்னையில் கரை ஏறவே இல்லை, 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் நம் கரையை ஒட்டியே மெதுவாக ஊர்ந்ததால் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன.

கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலான வருடங்களுக்கு அது சரி. ஆனால் அதை நம்பி மழைக்கோட்டைக் கட்டி மேலே போட்டுவிடாதீர்கள். 2021இல் மார்கழி நடுவில், டிசம்பர் 30ஆம் தேதி, யாரும் எதிர்பார்க்காத பிற்பகலில் மயிலாப்பூர் பக்கம் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, அலுவலகம் போனவர்கள் நள்ளிரவில் வீடு திரும்பினார்கள்.

இந்த மாதங்களில் இன்னொரு விஷயம் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குள் எல்லாமே ஈரம் கோக்கும். தோல் செருப்பு, பெல்ட், அலமாரியில் இருக்கும் புத்தகம் எல்லாவற்றிலும் பூஞ்சை படரும். துணி மூன்று நாளானாலும் காயாது. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் உப்புக்காற்றில் சன்னல் கிரில், ஏசியின் வெளி யூனிட் எல்லாம் வருடம் முழுக்கத் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் வருகிறது நல்ல காலம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. பகல் 29, 30 டிகிரி, காலையில் 20, 21. புறநகரில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறையும். கோவையில் மார்கழியைப் பார்த்த உங்களுக்கு இது குளிரே இல்லை, ஸ்வெட்டர் பெட்டியிலேயே இருக்கட்டும். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய கதை. அங்கே 1792இலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக் கூடம் அமைத்துவிட்டதால், இவ்வளவு பழைய கணக்குகள் நமக்குக் கிடைக்கின்றன. தையில் பனிமூட்டம் இருக்கும், போகிப் புகையும் அதோடு கலந்துவிட்டால் அன்று காலை விமானங்கள் தாமதமாகும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் அன்றைக்கு மட்டும் சன்னலைச் சாத்தி வைப்பது நல்லது. பிப்ரவரி சுத்தமாக வறண்ட மாதம். மார்ச்சில் தென்கிழக்குக் காற்று திரும்பும், ஈரப்பதம் ஏறும், வட்டம் மறுபடி தொடங்கும்.

இனி வீட்டு விஷயம். என் யோசனை இது: வீட்டை நவம்பர், டிசம்பரில் வந்து பாருங்கள், ஜனவரி நடுவுக்கு மேல் குடிவாருங்கள். கோடையில் பார்க்கும்போது எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரியும். மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தால் எங்கே தண்ணீர் தேங்குகிறது, சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, மின் மீட்டர்கள் அதற்கு மேலே இருக்கின்றனவா என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரரிடம் "2015இல் இங்கே எவ்வளவு தண்ணீர் வந்தது, 2023இல் எவ்வளவு" என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வகை வெள்ளம். முதலாவது ஆறு பெருகியதால், இரண்டாவது பெரும்பாலும் மழைநீர் வடிய இடமில்லாததால். முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதிகளில் தரைத்தளம் வேண்டாம். அதே நேரம் மேலே மொட்டைமாடி மட்டும் இருக்கும் கடைசித் தளமும் வேண்டாம், அங்கேதான் அந்த இரவுச் சூடு முழுதாக இறங்கும். நடுத்தளம், கிழக்கிலோ தென்கிழக்கிலோ பெரிய சன்னல், படுக்கையறைச் சுவர் மேற்கு வெயிலில் நேராக நிற்காமல் இருப்பது, இவை மூன்றும் இருந்தால் பாதி ஏசி மிச்சம்.

தண்ணீரைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற ஏரிகள் நிரம்புவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான அந்த மூன்று மாத மழையால்தான். ஒரு வருடம் அது பொய்த்தால் அடுத்த கோடையில் நகரம் தவிக்கும். 2015இல் மூழ்கிய இதே ஊருக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கட்டடத்தில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், குழாய் உண்மையிலேயே கிணற்றிலோ தொட்டியிலோ போய்ச் சேர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர். ஒரு நல்ல நவம்பர் நாளில் அது ஐந்தாயிரம், பத்தாயிரம் லிட்டராகச் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

ஜனவரியில் வரச் சொல்வதற்கு அம்மாதான் முக்கியக் காரணம். உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும். தையில் வந்தால் அவருக்கு மாசி, பங்குனி என்று படிப்படியாக ஏறும் வெப்பம் கிடைக்கும். மே மாதத்தில் நேராகக் கோவையிலிருந்து வந்து இறங்கினால் அந்த அவகாசமே இருக்காது. வயதானால் தாகம் தெரிவதும் குறையும், ஆகவே கேட்டுக் கேட்டுத் தண்ணீர், மோர் கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், கோவையில் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன்பே "சென்னைக் கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா, தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம்" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மகளைப் பற்றிக் கவலை வேண்டாம், பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். அவளுடைய பள்ளிப் பையில் மட்டும் ஜூன் மாதத்துக்கு இரண்டு தண்ணீர் பாட்டில், அக்டோபரிலிருந்து பொங்கல் வரை ஒரு மழைக்கோட்டு.